சூடம் அணைக்காத கை

போன வாரம் மகேஸ்வரியைக் கலெக்டர் ஆபீஸ் மாடிப்படியில் உட்கார வைத்துவிட்டு நாம் பாட்டுக்கு வந்துவிட்டோம். பாவம், மடியில் அவள் எழுதிய புத்தகமே கிடந்தது. எழுதியவளை எழுத்தே அடித்தால் அவள் எங்கே போய் முறையிடுவாள்?

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. மகேஸ்வரி கள்ளக்குறிச்சியில் வக்கீல். செங்கல் சூளையில் அடைபட்டுக் கிடந்தவர்கள், காரணம் சொல்லாமல் போலீஸ் கூட்டிப் போனவர்கள், கருணாபுரத்தில் சாராயத்துக்குப் புருஷனைக் கொடுத்துவிட்டு ஆபீஸ் ஆபீஸாக அலைகிறவர்கள், இவர்களெல்லாம் தேடி வருகிற வக்கீல். மிச்ச நேரத்தில் சரித்திரம் எழுதுவாள். கல்வராயன் மலை மக்களைப் பற்றி அவள் எழுதிய புத்தகம் மூன்று பதிப்பு கண்டுவிட்டது, நாலாவதும் அச்சுக்குப் போகிறது.

அந்த மலையில் தும்பைக்குழி என்று ஒரு சின்ன ஊர். அந்த ஊர் நிலத்துக்குப் பட்டா வாங்கித் தருகிற வழக்கு மகேஸ்வரியுடையது. சட்டம் கேட்பது ஒன்றுதான். இரண்டாயிரத்து ஐந்து டிசம்பரில் அந்தக் காட்டில் நீங்கள் பயிர் வைத்திருந்தீர்களா? வைத்திருந்தால் நிலம் உங்களுடையது. இல்லாவிட்டால் வனத்துறையுடையது.

போன விசாரணையில் வனத்துறை வக்கீல் அறிவுச்செல்வன் எழுந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். மகேஸ்வரியின் புத்தகத்தைப் பிரித்து, 'குடகு போன ஊர்' என்ற அத்தியாயத்தை ஏற்ற இறக்கத்தோடு படித்தார்.

"இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் தும்பைக்குழியில் ஒரு அடுப்பும் எரியவில்லை. ஒரு காடும் விதைக்கப்படவில்லை. ஊரே குடகு காப்பித் தோட்டத்துக்குப் பிழைக்கப் போயிருந்தது. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி அங்கே தொழிலாளர் குடியிருப்பில் பிள்ளை பெற்றாள்."

படித்துவிட்டு, "எழுதினவங்க இங்கயே இருக்காங்க, அவங்களையே கேட்டுக்கலாம்," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அதற்குமேல் அவர் பேச வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் தேவிப்ரியா இன்னொரு குத்து குத்தினாள். மகேஸ்வரியின் ஒரே மகள், மூன்று வருஷமாக அம்மாவிடமே ஜூனியர். "நீ கேஸ் நடத்தறதே புஸ்தகம் எழுதத்தாம்மா," என்றாள். அதற்கப்புறம் அம்மாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. இட்லிக்குச் சட்னி வேண்டுமென்றாலும் அப்பா மூலமாகத்தான்.

*

நாளைக்கு மறு விசாரணை. இன்றைக்குக் காலையில் அந்த அப்பா, தனசேகரன், சாப்பாட்டு மேஜை மேல் நாலாம் பதிப்பின் புரூஃபைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வடக்கனந்தலில் கரும்பு போட்டிருக்கிற மனுஷன். பெண்டாட்டி புத்தகத்துக்குப் பிழை திருத்துவதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

"மகேஸு, இந்தக் குடகு அத்தியாயத்துல..."

"அந்தப் பேச்ச எடுக்காதீங்க."

"நான் எடுக்கல. பக்கம் வந்துச்சு." கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "ஒண்ணு கேக்கட்டுமா? ஒரு வருஷம் பூரா காட்ட அப்பிடியே வுட்டுட்டு எவன் போவான்? திருக்கோவிலூர்ல ஒரு கல்யாணத்துக்கு நான் போனாக்கூட, கரும்ப பாக்க ஆள் வச்சிட்டுதான போறேன்? ஊருல ஒருத்தர் ரெண்டு பேர் நின்னுதான் இருப்பாங்க."

மகேஸ்வரி காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். இத்தனை நாளாக அவள் யோசித்ததெல்லாம் புத்தகத்தை எப்படி விளக்குவது, எந்தத் தீர்ப்பைக் காட்டுவது என்றுதான். ஊரில் போய்க் கேட்கலாம் என்று தோன்றவேயில்லை.

"ஒருத்தர் இருந்தா போதுங்க," என்றாள். "ஒரே ஒருத்தர் அந்த டிசம்பர்ல காட்டுல இருந்தேன்னு சொல்லிட்டா கேஸ் நிக்கும்."

கார் சாவியைத் தேடினாள். சாவி தேவிப்ரியாவின் கையில் இருந்தது. "நான் ஓட்டறேன்னு சொல்லுப்பா," என்றாள் அவள்.

*

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் ஏறி முடிகிறவரை காருக்குள் இன்ஜின் சத்தம் மட்டும்தான். வெள்ளிமலைக்கு அப்பால் மண் ரோட்டில் இறங்கி, தும்பைக்குழி மாரியம்மன் கோயில் முன்னால் கார் நின்றபோது வெயில் ஏறியிருந்தது.

வக்கீலம்மா வந்திருக்கிறாள் என்றதும் ஊரே கூடிவிட்டது. ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் மாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். இருபது வருஷத்துக்கு முன்னால் இந்த ஊர் ஆண்கள் அத்தனை பேர் மேலும் சாராய வழக்குப் பாய்ந்தபோது, 'ஊரே குடகில் இருந்தது, இவர்கள் எப்படிக் காய்ச்சியிருக்க முடியும்?' என்று வாதாடி எல்லோரையும் விடுவித்தவள் மகேஸ்வரிதான். அவளுடைய முதல் பெரிய வெற்றி அது. அன்றிலிருந்து இந்த ஊரில் அவளுக்குச் சாமிக்கு அடுத்த மரியாதை.

"கவுண்டரே, அந்த வருஷம் ஒருத்தராச்சும் ஊருல தங்கினாங்களா? வயசானவங்க, ஒடம்பு முடியாதவங்க, யாராச்சும்?"

"இல்லீங்க. புஸ்தவத்துல இருக்கறதுதாங்க."

"மாடுங்கள யாரு பாத்துக்கினது?"

மாதன் தோள் துண்டை இழுத்து விட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்ற பச்சமுத்துவுக்கு வாய் சும்மா இருக்காது. "மாட்டையும் ஓட்டிக்கினு போய்ட்டோங்க," என்றான்.

"குடகுக்கா?" என்றாள் தேவிப்ரியா.

கூட்டத்தின் பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். மாதன் திரும்பி, "நீ சும்மா கெடடா," என்று பச்சமுத்துவை ஒரு அதட்டுப் போட்டார். பிறகு மகேஸ்வரியின் முகத்தைப் பார்க்காமல், கோயிலைப் பார்த்துச் சொன்னார்.

"வக்கீலம்மா, எங்களுக்கு நீங்க செஞ்சத மறக்க மாட்டோம். ஆனா இத மட்டும் கேக்காதீங்க. எங்களால சொல்ல முடியாதுங்க."

"ஏன் முடியாது?"

"அம்மன் முன்னால சூடம் அணைச்சிருக்கோம். ஆம்பள, பொம்பள, ஊரு மொத்தமும். இதுக்கு மேல ஒரு வார்த்த பேசினாலும் சத்தியத்த மீறின மாரி ஆயிடும். மீறினா வூடு வெளங்காதுங்க."

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால், அந்த மலையில் உயிர் போனாலும் வார்த்தை வெளியே வராது. மகேஸ்வரிக்கு அது தெரியும். தன் புத்தகத்திலேயே அதைப் பற்றி எழுதியிருக்கிறாள். ஆனால் அவளை உறுத்தியது வேறு ஒன்று. உண்மையாகவே எல்லோரும் குடகில் இருந்திருந்தால் எதற்காக இந்தச் சத்தியம்?

"நா அணைக்கல," என்று ஒரு குரல் வந்தது.

பலா மரத்தடியில், காட்டிலிருந்து வந்த கையோடு, அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு ஆயம்மாள் நின்றிருந்தாள். மாதனின் மனைவி. அதிகம் பேசாதவள். புத்தகத்தில் வருகிற அந்த நிறைமாதக் கர்ப்பிணி இவள்தான்.

"இன்னாது?" என்றார் மாதன்.

"நா சூடம் அணைக்கலன்னு சொன்னேன். அன்னிக்கி எனுக்குப் புள்ள பொறந்த தீட்டு. கோயில் பக்கமே வரக்கூடாதுன்னு ஊருக்கு வெளிய குடிசையில வச்சிருந்தீங்க. எங்கைய புடிச்சி யாரும் அணைக்க வைக்கல."

"ஏய், ஊரு சத்தியம்னா எல்லாருக்கும் சேத்திதான்."

"தீட்டுன்னா நா ஊருல சேத்தி இல்ல. சத்தியத்துக்கு மட்டும் சேத்தியா?"

அடேயப்பா! இருபது வருஷமாக அந்த ஊரில் ஒருவருக்கும் உறைக்காத விஷயம் அது. அன்றைக்குக் கோயிலில் யார் யார் கை வைத்தார்கள் என்று ஒவ்வொருவரும் மனசுக்குள் எண்ணிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. ஆயம்மாளின் கையை ஒருவருக்கும் ஞாபகமில்லை.

ஆயம்மாள் மகேஸ்வரியின் பக்கம் திரும்பினாள். இவ்வளவு நாள் தேக்கி வைத்திருந்ததைப் பதற்றமே இல்லாமல் சொன்னாள்.

"நாங்க எங்கயும் போவலம்மா. காட்டுலதான் இருந்தோம். கார்த்திக மாசம், சாமை அறுத்துக்கினு இருந்தோம். கீழ ஓடையில எவனோ சாராய ஊறல் போட்டுட்டுப் போய்ட்டான். போலீசு வருதுன்னு சொன்னதும் ஆம்பளைங்க ஓடிட்டாங்க. நா ஓட முடியாம சாமைக் கட்டு மேலயே சாஞ்சிட்டேன். அங்கயே பொறந்தா இவ."

இவ என்று அவள் கை காட்டியது, எல்லோருக்கும் தண்ணீர் கொண்டு வந்த நர்மதாவை. கள்ளக்குறிச்சியில் நர்சிங் படிக்கிற பெண். சொம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்பறம் ஏன் ஆயம்மா குடகுன்னு சொன்னீங்க?" என்றாள் மகேஸ்வரி.

"ஊருலதான் இருந்தோம், ஆனா காய்ச்சலன்னு சொன்னா யாரும்மா நம்புவாங்க? ஊருலயே இல்லன்னு சொன்னா நம்புவாங்க. வருசா வருசம் பாதிப் பேரு குடகுக்குப் போறதுதான? அதான் ஊரே போச்சுன்னு சொல்லிட்டாங்க. எல்லாரும் நம்பினாங்க இல்ல?"

செய்யாத தப்புக்குத் தப்பிக்க ஒரு பொய் வேண்டியிருந்தது. அந்தப் பொய்யைக் கோர்ட்டில் நிலைநாட்டியது யார்? பிறகு அதற்கு அட்டை போட்டுச் சரித்திரமாக்கியது யார்? மகேஸ்வரி காரின் பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டாள்.

நர்மதாவுக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப என்னிய எல்லாரும் 'குடகு, குடகு'ன்னு கூப்புடறீங்களே, எதுக்கு? யாராச்சும் பொறந்த ஊரு கேட்டா கண்ணால பாக்காத ஊர சொல்லிக்கினு இருக்கேன். காலேஜ்ல குடகுக்காரின்னுதான் பேரு எனுக்கு. நான் இங்கயா பொறந்தேன்? எந்த எடம்மா?"

ஆயம்மாள் சரிவில் ஒரு பாறையைக் காட்டினாள். நர்மதா சொம்பைத் தரையில் வைத்துவிட்டு விறுவிறுவென்று அந்தப் பக்கம் நடந்தாள். கொஞ்ச நேரம் ஊரே அவள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டாள் மகேஸ்வரி. கேட்டிருக்கக் கூடாது என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

"நீங்க எங்கிட்ட கேக்கலியேம்மா," என்றாள் ஆயம்மாள். குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். "நீங்க வந்தப்ப நா குடிசையில இருந்தேன். இவருகிட்ட கேட்டு எழுதிக்கினு போய்ட்டீங்க. அப்பறம் புஸ்தவம் கொணாந்து குடுத்தீங்க. நா புள்ள பெத்தத நல்லா எழுதியிருக்கீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. எனுக்குப் படிக்கத் தெரியாது."

எத்தனை கூட்டங்களில் அந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்! படிக்கும்போது அவளே எத்தனை தடவை கண்ணைத் துடைத்திருக்கிறாள்! பெற்றவளை ஒரு வார்த்தை கேட்காமல், ஓடிப்போன புருஷன் சொன்னதை வைத்துப் பிரசவத்தை எழுதியிருக்கிறாள். மகேஸ்வரிக்கு வெட்கமாக இருந்தது. மலையேறி வந்த களைப்பெல்லாம் அந்த வெட்கத்துக்கு முன்னால் ஒன்றுமில்லை.

"நாளைக்கு வந்து சொல்றியா ஆயம்மா? கலெக்டர் ஆபீஸ்ல, எல்லார் முன்னாலயும்?"

"வர்றேன். நெலம் வேணாமா?"

மாதன் துண்டை எடுத்துத் தரையில் அடித்தார். "நீ மலைய வுட்டு எறங்கு, பாத்துக்கறேன். பொய் சாட்சி சொன்னோம்னு எங்க அத்தினி பேரையும் திரும்ப இஸ்துக்கினு போவாங்க. அதுக்கு நீ வழி பண்றியா?" சொல்லிவிட்டுக் கோயில் படியில் போய் உட்கார்ந்துகொண்டார். ஆயம்மாள் அரிவாளை இடுப்பிலிருந்து எடுத்து வீட்டுக் கூரையில் செருகிவிட்டு உள்ளே போனாள்.

*

இறங்கும்போது தேவிப்ரியாதான் முதலில் பேசினாள். கோபித்துக்கொண்டிருக்கிறோம் என்பதே மறந்துபோயிருந்தது.

"ஆயம்மா சொன்னா மட்டும் போதாதும்மா. அறிவுச்செல்வன் சார் மறுபடி புஸ்தகத்ததான் தூக்குவாரு. வக்கீலம்மா எழுதுனது ஒண்ணு, சாட்சி சொல்றது ஒண்ணு, இதுல எது பொய்யின்னு கேப்பாரு."

"எழுதுனவதான் சொல்லணும். தப்பா எழுதிட்டேன்னு."

"சொன்னா நீ சாட்சி. சாட்சியா உக்காந்தா அந்தக் கேஸ்ல நீ வக்கீலா இருக்க முடியாது."

"தெரியும். அதான் நீ இருக்கியே."

கார் ஒரு குலுக்குக் குலுக்கி நேரானது. "நானா? தனியா ஒரு வாய்தா வாங்கினது கூட இல்லியேம்மா நான்!"

"இப்ப வாய்தா வாங்க வேணாம். வாதாடினா போதும்."

தேவிப்ரியாவுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. "இந்தப் பக்கம் பொய்யின்னு நீயே சொல்லிட்டா மொத்தப் புஸ்தகமும் பொய்யின்னுவாங்க. இந்தப் புஸ்தகத்த காட்டித்தான மூணு ஊருக்குப் பட்டா வாங்கின? அதையும் நோண்டுவாங்க."

"நோண்டட்டும். அந்த ஊருங்களுக்கு மறுபடி ஒரு தடவ போறேன். இந்தத் தடவ பொம்பளைங்ககிட்ட கேக்கறேன்."

கோமுகி அணை அருகே செல்போன் சிக்னல் வந்ததும் தனசேகரன் பிடித்துக்கொண்டார். விஷயத்தையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு, "பிரஸ்ல கேக்கறாங்க. அந்த அத்தியாயத்த எடுத்துடச் சொல்லவா?" என்றார்.

"எடுக்காதீங்க. ஒரு எழுத்து மாத்த வேணாம். அதுக்கு அடுத்து நாலு பக்கம் காலியா வுடச் சொல்லுங்க."

"அதுல இன்னா எழுதப் போற?"

"நாளைக்குச் சாயந்திரந்தாங்க தெரியும்."

அந்தப் போனை வைத்த உடனே தேவிப்ரியாவின் போன் அடித்தது. நர்மதா. வெள்ளிமலை வரை நடந்து வந்து பேசுகிறாளாம். "அக்கா, அம்மா பைய எடுத்து வச்சிட்டாங்க, மொத பஸ்ஸுக்கு வர்றேங்கறாங்க. அப்பா கோயில் படிய வுட்டு எழுந்திருக்கல. சோறும் வேணாம்னுட்டாரு. பஸ்ஸ மறிச்சிக்கினு படுத்துக்குவேங்கறாரு. எனுக்கு பயமா இருக்குதுக்கா."

"நான் மொத பஸ்ஸுக்கு ஸ்டாண்டுல நிக்கறேன். நீயும் கூட வா," என்றாள் தேவிப்ரியா. தன் குரல் அம்மாவின் குரல் மாதிரி இருந்ததில் அவளுக்கே ஆச்சரியம்.

அணைக்கரையில் காரை ஓரங்கட்டினாள். தண்ணீரில் வெயில் சாய ஆரம்பித்திருந்தது.

"அம்மா, நாளைக்கு நீ சாட்சி. இப்பவே ஒரு தடவ கேட்டுப் பாத்துடறேன். அறிவுச்செல்வன் சார் உன்ன மொதல்ல இன்னா கேப்பாரு தெரியுமா? 'அப்பவே உங்களுக்குத் தெரியாதா?'ன்னு கேப்பாரு. தெரிஞ்சே பொய்க் கேஸ் நடத்தினீங்கன்னு காட்டத்தான் பாப்பாரு. தெரியாதுன்னு சொல்லிடு. முடிஞ்சிடும்."

மகேஸ்வரி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு லாரி கடந்து போனது. இன்னொன்றும் போனது.

"அம்மா?"

"அந்தச் சாராயக் கேஸுக்காக ஊருக்குப் போனப்ப கோயிலுக்குப் பின்னால சாமை வைக்கோல் போர் போட்டிருந்தாங்க," என்றாள் மகேஸ்வரி. "புதுசு. பச்ச வாசனகூட போவல. ஊரே குடகுல இருந்தா அத யாரு அறுத்தது?"

"நீ பாத்தியா?"

"பாத்தேன். அது மேலதான் உக்காந்து எழுதினேன்."

தேவிப்ரியா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"கேட்டிருந்தா யாராச்சும் ஒருத்தர் சொல்லியிருப்பாங்க. சொல்லியிருந்தா கேஸ் தோத்திருக்கும், அத்தினி பேரும் ஜெயிலுக்குப் போயிருப்பாங்க. ஒரு தப்பும் பண்ணாதவங்க. அதான் கேக்கல. அப்பறம் அதையே எழுதி எழுதி எனக்கே உண்மையா ஆயிடுச்சு."

கேஸ் நடத்துவதே புத்தகம் எழுதத்தான் என்று அன்றைக்குச் சொன்ன வார்த்தை தேவிப்ரியாவுக்கு ஞாபகம் வந்தது. தலைகீழாகச் சொல்லியிருக்கிறாள். கேஸுக்காகத்தான் அம்மா புத்தகத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறாள். மன்னிப்புக் கேட்கலாமென்று வாயைத் திறந்தாள். வேறு வார்த்தைதான் வந்தது.

"நாளைக்கு இத சொன்னா பார் கவுன்சிலுக்குப் புகார் போவும். உன் கோட்ட கழட்டிடுவாங்கம்மா."

"கழட்டுவாங்க."

"சொல்லலன்னா, ஆயம்மா மட்டும் உண்ம பேசணும், நீ பேச மாட்ட. அப்பிடித்தான?"

மகேஸ்வரி மகளைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று வருஷமாகக் கேஸ் கட்டுத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்த பெண், இன்றைக்குத்தான் குறுக்கு விசாரணை செய்கிறாள்.

தேவிப்ரியாவின் கண் நிறைந்திருந்தது. ஆனாலும் குரல் உடையவில்லை. "அந்த வைக்கோல் போர பத்தி அவரு கேக்கறதுக்கு முன்னாடி நானே கேட்டுடட்டுமாம்மா?"

"வக்கீல் நீ," என்றாள் மகேஸ்வரி. "சாட்சிகிட்ட போய் யோசன கேக்கறியே."